வலது கைக் காப்பு

ஒரு பொருளைச் சமமாகப் பங்கு போடுகிறவருக்கு, அந்தப் பொருள் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டுமா? தொண்டூர் அனந்தமதியின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. நாற்பத்து நாலு வயது வரைக்கும் அவளிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால், பதில் சொல்லக்கூட நிற்காமல் தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். தெரியாமல் எப்படிப் பங்கு போடுவது?

ஊரில் அவளுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால், களத்தில் கிடக்கும் வேர்க்கடலையைப் பிரிக்க அவளைக் கூப்பிடுவார்கள். மரக்காலால் அளந்து ஆளுக்குப் பாதி என்று கொட்டிவிட்டுப் போகிறவள் இல்லை அவள். இரண்டு குவியலிலும் கை போன இடத்தில் ஒவ்வொரு படி அள்ளிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தோலை உடைத்து, எதில் பருப்பில்லாத பொக்கு அதிகம் என்று பார்ப்பாள். பொக்கு அதிகமான குவியலில் இரண்டு மரக்கால் கூடப் போடுவாள். வெயில் ஏறும். ஆட்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த வெற்றிலையைப் போடுவார்கள். அவள் எழுந்திருக்க மாட்டாள். ஒரு தடவை தாண்டவராயன் என்ற குடியானவர், இது என்ன பரீட்சைப் பேப்பர் திருத்துவதா என்று சொல்லிவிட்டுத் தன் பங்கை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவள் அவர் வீட்டு வாசல் வரைக்கும் பின்னாலேயே போய், அவருக்கு ஒன்றரை மரக்கால் குறைகிறது, வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

இதை நற்குணம் என்று சொல்லிவிட முடியுமா என்று எனக்கு நிச்சயமில்லை. நியாயத்துக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி எதுவும் கிடையாது. பிறர் விஷயத்தில் எப்படியோ அப்படியேதான் தன் விஷயத்திலும் நடந்துகொண்டாள் என்பது வரைக்கும் அவள் பக்கம் பேசலாம்.

1961ஆம் வருடம் தை மாதம் அவளுடைய அம்மா ஜெயமாலா இறந்துபோனாள். அப்பா அதற்குப் பல வருடங்கள் முன்பே போய்விட்டார். ஆண் பிள்ளை இல்லை. பெரியவள் அனந்தமதியை உள்ளூரிலேயே வாசுபூஜ்யன் என்ற விவசாயிக்குக் கொடுத்திருந்தார்கள். நாலு ஏக்கர் புஞ்சையும் ஒரு கிணறும் உள்ள வீடு. எட்டு வயது இளையவளான சந்தனா, செஞ்சியில் தானிய மண்டி வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அம்மாவின் கடைசி ஐந்து வருடம் அனந்தமதி வீட்டில் கழிந்தது.

நிலத்தையெல்லாம் முன்னமே பிரித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது அம்மாவின் கையில் எப்போதும் கிடந்த ஒரு ஜோடிக் காப்புதான். அரக்குக் காப்பு. மேலே தங்கத் தகடு, உள்ளே கெட்டியாக அரக்கு. அதற்கும் அம்மா தன் வாயாலேயே பங்கு சொல்லியிருந்தாள். வலது கைக் காப்பு பெரியவளுக்கு, இடது கைக் காப்பு சின்னவளுக்கு. இரண்டும் அச்சு அசலாக ஒன்று போல இருந்ததால், மாறிப்போகாமல் இருக்க வலது கைக் காப்பின் திருகில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது சந்தனா தன் காப்பைக் கேட்டாள். அனந்தமதி கொடுப்பதற்காகத்தான் பெட்டியிலிருந்து இரண்டையும் எடுத்தாள். உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு நின்றாள். சிவப்பு நூல் சுற்றியது இருந்த கை தாழ்ந்தது.

நிறுத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றாள். சந்தனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா கைல கிடந்ததையுமா படி போட்டு அளக்கப் போற? சரி, அளந்து வை. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

தங்கை பஸ் ஏறிப் போன பிறகு அனந்தமதிக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. சந்தனாவின் கல்யாணம் யுத்த காலத்தில் நடந்தது. கல்யாணத்துக்கு முந்தின மாதம், பதினைந்து நாள் போல, அம்மாவின் வலது கை வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, காப்பு நசுங்கிவிட்டது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறது என்றாள் அம்மா. திரும்பி வந்த காப்பில் நசுங்கல் இல்லை. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அதில் நசுங்கல் இருந்ததா? எவ்வளவு யோசித்தும் அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த ஆசாரியும் இப்போது உயிரோடு இல்லை.

செஞ்சியில் ஒரு கூட்டுறவு வங்கியில், அடகுக்கு வரும் நகைகளை மதிப்புப் போடுவதற்கு வாரத்தில் இரண்டு நாள் தனசேகரன் என்பவர் வந்து உட்காருவார். அடகு வைக்காமல் மதிப்பு மட்டும் கேட்டு வந்தவர்களில் அவருடைய அனுபவத்தில் அனந்தமதிதான் முதல் ஆள். விற்கவா என்று கேட்டார், இல்லை என்றாள். அழித்துச் செய்யவா என்று கேட்டார், அதற்கும் இல்லை என்றாள்.

"அப்புறம் இன்னாத்துக்கும்மா?"

"தெரிஞ்சிக்கணும்."

வங்கி வேலை முடியட்டும் என்று அவளை ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார். மூன்று மணிக்குமேல்தான் கூப்பிட்டார். கறுப்பு உரைகல்லை எடுத்து ஒவ்வொரு காப்பையும் ஓரத்தில் லேசாக இழுத்துக் கோடு போட்டார். பக்கத்திலேயே மாற்று, அதாவது தரம், தெரிந்த தன் தங்க ஆணியால் இன்னொரு கோடு. மேலே திராவகத்தை ஒரு சொட்டு தடவி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். மூன்று கோடும் ஒரே நிறம். தங்கத்தில் குற்றமில்லை என்றார். பிறகு கண்ணாடிப் பெட்டித் தராசு. கிராம் கணக்கு வந்து அப்போது அதிக நாளாகவில்லை. கிராமில் நிறுத்து, விரல் மடக்கிப் பவுனாக மாற்றிச் சொன்னார். இடது கைக் காப்பு ஐந்து பவுன். வலது ஐந்தே முக்கால்.

இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கை அரக்கு என்று தள்ளி, மீதிக்கு ஒரு சீட்டு எழுதினார். சீட்டின்படி அனந்தமதியின் காப்பில் அரைப் பவுன் தங்கம் அதிகம். அவள் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு அரக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. அது வழக்கம். எல்லா அரக்கு நகைக்கும் அப்படித்தான் தள்ளுவோம்."

"அப்போ இந்தச் சீட்டு?"

தனசேகரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சீட்டு எடைக்கு எழுதினது, வேறு எதற்கும் இல்லை என்றார். வலது கைக் காப்பை எடுத்து நகத்தால் சுண்டி, காதோரம் வைத்துக் கேட்டார். கேட்டு அவருக்கு என்ன தெரிந்ததோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க கேக்கறதால சொல்றேன். ஒரே கை செஞ்ச ஜோடி இது. அதுல ஒண்ணு மட்டும் கனமா இருந்தா எனக்கு நல்லதாப் படாது. தங்கத்தை எடுத்துட்டவன், எடை குறைஞ்சு காட்டிக் குடுத்துடுமேன்னு உள்ள ஈயத்தை வச்சு அரக்கை ஊத்துவான். பயத்துல கொஞ்சம் அதிகமாவே வச்சிடுவான்."

"சீட்டுல இதுதான் ஒசத்தின்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"வாயால இதுதான் மட்டம்ன்றீங்க."

"ஆமாம்மா. ரெண்டும் நான் சொன்னதுதான். உடைச்சாத்தான் உண்மை தெரியும். உடைச்சா அப்புறம் அது காப்பு இல்ல."

அன்றைக்கு அவள் தொண்டூர் பஸ்ஸைத் தவறவிட்டாள். அடுத்த பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது சூரியன் மறைந்துவிட்டது. சமணக் குடும்பம் என்பதால் பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அவள் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். வாசுபூஜ்யன் சீட்டை வாங்கி விளக்கருகில் வைத்து இரண்டு தடவை படித்தார். அவள் தனசேகரன் வாயால் சொன்னதையும் சொன்னாள்.

"சீட்டை நம்பினா நீ உன் தங்கச்சிக்குக் குடுக்கணும். ஆளை நம்பினா அவ உனக்குக் குடுக்கணும்," என்றார் அவர். "ஒருநாள் பூரா பட்டினி கெடந்து இன்னாத்த வாங்கிக்கினு வந்த நீ?"

அவள் சீட்டை வாங்கி மடித்து வைத்தாள். அவர் கேட்டது நியாயம்தான். அவளைக் குடைந்தது அரைப் பவுன் தங்கம் அல்ல. சீட்டு சரியென்றால், அம்மா யாருக்கும் தெரியாமல் பெரியவளுடைய காப்பில் கூடுதலாகத் தங்கம் வைத்திருக்கிறாள். சந்தனாவின் கல்யாணத்துக்குச் சல்லிக்காசு இல்லாமல் அலைந்த நேரத்தில், சந்தனாவுக்குத் தெரியாமல். தனசேகரன் சொன்னது சரியென்றால், பெரியவளுக்கென்று சொல்லிவைத்த காப்பிலிருந்து தங்கத்தை எடுத்துச் சின்னவள் கல்யாணத்தை நடத்தி, ஈயத்தை வைத்து மூடி, பதினெட்டு வருடம் அதையே கையில் போட்டுக்கொண்டு, கடைசிவரை வாய் திறக்காமல் போயிருக்கிறாள். எப்படிப் பார்த்தாலும் இரண்டு பெண்களில் ஒருத்தியை அம்மா ஏமாற்றியிருக்கிறாள். எந்தப் பெண் என்பதுதான் அனந்தமதிக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் செஞ்சிக்குப் போனாள். இந்த முறை கடைத்தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பச்சமுத்து ஆசாரியிடம். அவர் காப்பைத் தராசில் போடவே இல்லை. திருகைக் கழற்றி உள்வாயைப் பார்த்தார், பொடி விளக்குமாற்றுக் குச்சியால் அரக்கைச் சுரண்டினார், ஈயம் என்கிற பேச்சைக் கேட்டுச் சிரித்தார்.

"பேங்க்காரங்களுக்கு எதைப் பாத்தாலும் ஈயமாத்தான் தெரியும். நசுங்கின எடத்தைத் தூக்கணும்னா அடியில இன்னொரு தகடு குடுத்துத்தான் தூக்கணும். பழைய ஆளுங்க வேலை அதான். தகடும் தங்கமாத்தான் இருக்கும், அதான் கனம். உங்கம்மா உங்களுக்குக் கூடத்தான் போட்டிருக்காங்க."

"நிச்சயமா?"

"நிச்சயம்னு எப்படிச் சொல்றது? நான் உள்ள போய்ப் பாத்துட்டா வந்தேன்?"

பட்டறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு மனசு லேசாக இருந்தது. பஸ் நிலையம் வரைக்கும் அந்த லேசு இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து, கோட்டை மதில் ஜன்னலில் நகர ஆரம்பித்தபோது அது போய்விட்டது. கூடப் போட்டாள் என்றால் ஏன் போட்டாள்? புஞ்சைக்காட்டு வீட்டில் பெரியவளைக் கொடுத்துவிட்டோமே என்று இரக்கப்பட்டா? அவள் அந்த வீட்டில் இருபத்தாறு வருடம் எந்தக் குறையும் நினைக்காமல் இருந்தவள். அது குறை என்று அம்மா நினைத்திருந்தால், தன்னோடு ஐந்து வருடம் உட்கார்ந்து சாப்பிட்டவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை எது? எடுத்தாள் என்றால் வலிக்கிறது. கூடப் போட்டாள் என்றாலும் வலிக்கிறது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு விஷயம் எப்படி ஒரே இடத்தில் வலிக்க முடியும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வங்கியில் நடந்தது மண்டிக்குப் போய், மண்டியிலிருந்து சந்தனாவுக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆயிற்று. காலை பஸ்ஸில் வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சீட்டை எடு என்றாள். படித்தாள். உன்னுடையதுதான் அதிகம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அந்த அளவில் அவள் போயிருந்தாலும் போயிருப்பாள். எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாத அனந்தமதி, தனசேகரன் சொன்னதையும் பச்சமுத்து சொன்னதையும் அம்மாவின் கை வெறுமையாக இருந்த பதினைந்து நாளையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

சந்தனா பாயில் உட்கார்ந்தாள்.

"அப்போ என் கல்யாணத்துக்கு அம்மா உன்னுதைத் திருடினாங்கன்ற."

"நான் அப்படிச் சொல்லல."

"நிறுத்துப் பாத்த இல்ல? அதுவே சொன்ன மாதிரிதான். அஞ்சு வருசம் கூடவே இருந்தது நீதான், அப்போ கேட்டிருக்கலாமே."

"தோணல."

"நைனா சாவும்போது எனக்குப் பத்து வயசு. எனக்கு எல்லாம் அம்மா கைதான். உனக்கு எதுமேல சந்தேகம், அக்கா? நகை மேலயா, அம்மா மேலயா, என் மேலயா?"

அனந்தமதி எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, சிவப்பு நூல் சுற்றிய காப்பை எடுத்துவந்து தங்கையின் மடியில் வைத்தாள். கனமானதை நீயே எடுத்துக்கொள் என்றாள்.

"உள்ள ஈயம் இருந்தா? ஈயத்தைத் தங்கச்சி தலைல கட்டிட்டேன்னு பத்து வருசம் கழிச்சி நீயே வந்து அழுவ."

"அப்போ இடது கைக் காப்பை எடுத்துக்க."

"கனமானதுல தங்கம் இருந்து, நீ அதிகமா வச்சிக்கினேன்னு ஆயிட்டா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முன்னைவிட மோசமாக இருந்தது. சந்தனா காப்பை மடியிலிருந்து எடுத்துப் பாயில் வைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று வாசுபூஜ்யன் சொல்லியும் உட்காரவில்லை. வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"உடைச்சிடு. நானும் வரேன். தனித்தனியா உடைச்சி, தனித்தனியா நிறுத்து, என் கண்ணெதிர்ல. நீ ஆரம்பிச்சது இது. இனிமே எனக்கும் தெரியாம இருக்க முடியாது."

பங்குனியில் ஒரு நாள் குறித்து இருவரும் பச்சமுத்து பட்டறைக்குப் போனார்கள். அவர் கரியைப் போட்டு உலையை ஊதி வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு சின்ன மண் கிண்ணங்கள். அவர்கள் மூசை என்பார்கள். தங்கத்தை உருக்குகிற கிண்ணம். வேலை இன்னபடி நடக்கும் என்று விளக்கினார். லேசான சூட்டில் காட்டினால் அரக்கு வடிந்துவிடும். உள்ளே என்ன இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தகட்டை நிறுத்துச் சொல்லிவிடுவேன். வேண்டுமானால் பிறகு மூசைக்கு ஒன்றாக உருக்கித் தருகிறேன். இரண்டு பெண்களையும் உலைக்கு எதிரில் பலகை போட்டு உட்காரச் சொன்னார். நகை அழிக்கும்போது சொந்தக்காரர் கண் எடுக்காமல் எதிரில் உட்கார்ந்திருப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள முறைதான். அதில் ஆசாரிக்கு அவமானம் ஒன்றுமில்லை. நாளைக்குப் பேச்சு வராமல் இருக்க அவர்களே அதைத்தான் விரும்புவார்கள்.

அன்றைக்குப் பட்டறையில் ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு பலபேர் அனந்தமதியிடம் கேட்டிருக்கிறார்கள். வாசுபூஜ்யன் சாகிறவரைக்கும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் பாதியில் மகளுக்குச் சங்கிலி செய்து போட்ட சந்தனா, அந்தச் சங்கிலியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். சில நாள் கெஞ்சலாக, சில நாள் கோபமாக. பச்சமுத்துவுக்கும் அந்தக் காரணம் தெரிந்தாக வேண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்த மற்றொன்றை அவர் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை என்பதற்காக அவரையும் கொஞ்சம் மதிக்கலாம். அனந்தமதி எவருக்கும் காரணம் சொன்னதில்லை. தங்கைக்காகச் செய்தாளா, அம்மாவுக்காகவா, பயந்தா, சலித்தா, இதில் எதைச் சொன்னாலும் அது நாம் சொல்வதாகத்தான் இருக்கும். நடந்தது இவ்வளவுதான்.

பச்சமுத்து சிவப்பு நூலை அறுத்துப் போட்டுவிட்டு, எந்தக் காப்பை முதலில் காட்டட்டும் என்று கேட்டார். சந்தனா அக்காவைப் பார்த்தாள். அனந்தமதி உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டையும் சேத்துக் காட்டுங்க," என்றாள். "தங்கம் எதுவோ அதை மட்டும் ஒரே மூசைல போட்டு உருக்கி, சரிபாதியா வெட்டிக் குடுங்க. தனித்தனியா நிறுத்தாதீங்க. உள்ள இன்னா இருந்துச்சுன்னு எங்ககிட்டச் சொல்லாதீங்க."

சந்தனா, அக்கா என்றாள். 

"எதிர்ல உக்காந்து பாத்துக்கினாவது இருங்கம்மா," என்றார் பச்சமுத்து. "யாரும் பாக்காம நான் செய்ய மாட்டேன். எம்பேர்ல பேச்சு வரும்."

"வராது," என்று சொல்லிவிட்டு அனந்தமதி பலகையைத் தூக்கித் திருப்பிப் போட்டாள். உலைக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.